நல்லமுத்துவின் மனைவி திரும்பி வந்த வாரம்

என்னை முதன்முதலில் தேம்பித் தேம்பி அழவைத்த எழுத்தாளர் ஒருவர் உண்டு. பாவம், அவர் எழுதியது சிரிப்பதற்காக. ஊரே சிரித்தது. நானும் தை மாதம் பூராவும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பங்குனியில் அதே கதையைப் படித்துவிட்டு ஓவென்று அழுதேன். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அத்தைதான் காரணம்.

மொரப்பூரில் அப்பாவுக்குப் புளி வியாபாரம். கம்பைநல்லூர் போகிற பாதையில் இருக்கிற மரங்களையெல்லாம் குத்தகைக்குப் பிடிப்பார். தை பிறந்து உலுக்க ஆரம்பித்தால் சித்திரை முடியும்வரை எங்கள் வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டு, அதற்குள் மலைமலையாகப் புளி கொட்டிக் கிடக்கும். ஓடு உடைக்க, நார் உரிக்க, கொட்டை தட்ட என்று தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் பிசுபிசுக்கும். தாழ்ப்பாள், தண்ணீர்ச் சொம்பு, என் சடை, எல்லாம் புளி. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண் என் பாவாடையை முகர்ந்து பார்த்து எச்சில் விழுங்குவாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

அந்தக் கொட்டகையில் சுத்தமான கை ஒரே ஒருத்திக்குத்தான். அது அத்தை. அப்பாவின் தங்கை. வாரப் பத்திரிகை ரயிலில் வந்து இறங்குகிற நாளில் நான் ஸ்டேஷன் டீக்கடைக்கு ஓடி வாங்கிவருவேன். அத்தை சாம்பலும் சீயக்காயும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, தொடர்கதையை உரக்கப் படிப்பாள். புளிக்கையோடு யாரும் புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். தொட ஆசைப்பட்டாலும் அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, ஊர்க்கதை அத்தனையும் வாயில் வைத்திருப்பவள், அவளுக்கும் தெரியாது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், மூட்டைக் கணக்கு வரும், அதோடு சரி.

அத்தை எட்டாவதுவரை படித்தவள். மேலே படித்திருப்பாள். நான் பிறந்த சமயத்தில் அம்மா எழுந்து நடமாட முடியாமல் வெகுநாள் படுத்துவிட்டாளாம். அத்தை ஒருநாள் பள்ளிக்கூடம் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே நின்றுபோனது. நிற்கச் சொன்னவர்களும் இல்லை, போகச் சொன்னவர்களும் இல்லை. என்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டே சமைத்தாள் என்று பெரியம்மா சொல்வாள்.

தொடர்கதைக்கு வருகிறேன். சோம்பனூர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஓடாத கடிகாரம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் திறப்புவிழா நடத்துகிற பிரமுகர்கள், குளத்தையே காணாமல் அடித்த நகரசபைத் தலைவர் என்று ஒருவரையும் விடாமல் அந்த ஆசிரியர் கேலியில் போட்டு அடிப்பார். ஆனால் எல்லோரையும்விட அதிகமாக அடிவாங்கியவர் நல்லமுத்து. தபாலாபீஸ் குமாஸ்தா. அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு. யாரைக் கண்டாலும் நன்றி சொல்வார். முகத்தில் வெட்டியதற்குச் சவரக்காரருக்கு நன்றி. விட்டுவிட்டுப் போன பஸ்ஸுக்கு, காலாற நடக்கவைத்ததற்காக நன்றி. வீட்டில் திருடிய திருடன் சொம்பை மறந்து வைத்துவிட்டுப் போனால் அவன் பின்னாலேயே ஓடிப்போய் நன்றி. ஊரில் அவருக்குப் பெயரே ‘நன்றி நல்லமுத்து’.

இதில் என்ன சிரிப்பு என்று இப்போதிருக்கிற பிள்ளைகள் கேட்கும். எங்கள் பக்கம் அந்த வார்த்தையை மேடையில் பேசுகிறவர்கள்தான் சொல்வார்கள், அதுவும் கடைசியில், ஆள் கலைகிற நேரத்தில். வீட்டுக்குள் யார் சொல்வார்கள்? தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக் குடிப்பார்கள், சொம்பைக் கீழே வைப்பார்கள். பெற்ற தாய்க்கு நன்றி சொன்னால் அவளுக்கு நெஞ்சு வலியே வந்துவிடும். நல்லமுத்துவோ சோறு போட்ட மனைவிக்கு எழுந்து நின்று நன்றி சொன்னார். அத்தை அவருக்கென்று ஒரு மூக்குக் குரல் வைத்திருந்தாள். “மி...க்க நன்றி” என்று அவள் இழுத்தால் பெரியம்மா புளிக்குவியலில் சாய்ந்துவிடுவாள். நான் தெருவில் ஆட்டுக்குட்டிக்கெல்லாம் மி...க்க நன்றி சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் தை மாதத்தில்தான் அத்தையைப் பெண் பார்க்கக் கம்பைநல்லூரிலிருந்து வந்தார்கள். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஒல்லியாக, கழுத்துவரை பித்தான் போட்ட சட்டையில், கூடவே வந்த தாய்மாமனுக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அத்தை காப்பித் தட்டைக் கொண்டுவந்தாள். பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். அந்த மனிதர் சட்டென்று எழுந்தார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தெளிவாக, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “ரொம்ப நன்றிங்க” என்றார்.

பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். நானும் ஓடினேன். அங்கே எங்களுக்கு முன்பே வந்திருந்த இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு அப்பா செருப்பை உதறிப் போட்டார். “நாலு பேரு முன்னால பொட்டப்புள்ளைக்கு எந்திரிச்சி நின்னு கும்பிடு போடறான். இவன் என்னாத்த குடித்தனம் பண்ணப் போறான்? அசல் அந்தக் கதையில வர்ற கிறுக்கனே வந்து எறங்கிட்டான். நன்றி நல்லமுத்து!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

அத்தை சிரிக்கவில்லை. நான் சமையற்கட்டுக்குப் போனபோது அவள் காலி டம்ளர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மற்ற டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. “இதக் கழுவலையா அத்த?” என்று கேட்டேன். “கழுவறேன் போ, என்னா அவசரம்?” என்றாள்.

அப்பாவுக்கு வேறொரு இடம் மனதில் இருந்தது. அரூரில் ஒரு ரைஸ் மில் முதலாளி. முதல் மனைவி தவறிப்போய், வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அத்தைக்கு அந்தக் காலக் கணக்கில் வயது கூடிப்போயிருந்தது. “ரெண்டாந்தாரம்னா என்னா? வூடு, மில்லு, ஆளு அம்பு எல்லாம் இருக்குது. ராணி மாதிரி இருப்பா” என்றார் அப்பா. மில்லுக்காரர் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அத்தை கொடுத்த தண்ணீரை அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, குடித்து, சொம்பைப் பின்பக்கமாக நீட்டினார். அங்கே யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அதில் யாருக்கும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. எனக்கும்தான். பங்குனி கடைசியில் உறுதி செய்துகொள்ளலாம் என்று பேச்சாகியிருந்தது.

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது. அத்தை மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தாள். நல்லமுத்து வந்தார். மூக்குக் குரல் வரவில்லை. “மிக்க நன்றி என்றார் நல்லமுத்து” என்று, எல்லோரும் பேசுகிற குரலிலேயே படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். பெரியம்மா சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தவள், திறந்தபடியே இருந்தாள். “என்னா பாப்பா, தொண்ட கட்டிக்கிச்சா?” என்று கேட்டாள். அத்தை ஆமாம் என்றாள். அதற்கடுத்த வாரமும் தொண்டை கட்டியே இருந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு மனிதரைச் சாதாரணக் குரலில் படித்தால் அவரைப் பார்த்துச் சிரிப்பது எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் பார்த்தேன்.

மாசியில் ஒரு வாரம், நல்லமுத்துவின் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். உப்புக் கரித்த குழம்புக்கும் அவர் எழுந்து நின்று நன்றி சொன்னாராம். தன்னை நக்கல் செய்கிறார் என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கிவிட்டாள். பெரியம்மா கைகொட்டினாள். “பின்ன? இவனோட எவ குடித்தனம் பண்ணுவா?” அப்பா மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தார். பார்த்தியா, நான் சொன்னேன் இல்லை என்கிற பார்வை. அத்தை பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அதற்கடுத்த வாரம்தான் அந்த வாரம். அத்தை வழக்கத்தைவிட நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

நல்லமுத்துவின் மனைவி தாய்வீட்டில் இருந்தாள். விடியலில் எழுந்து வாசல் தெளித்தது அவள்தான். மாவு ஆட்டியது அவள்தான். அண்ணன் பிள்ளையை இடுப்பில் சுமந்ததும் அவள்தான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழம்பில் உப்புக் கூடிய அன்றைக்கு மட்டும் சொன்னார்கள். ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். எதற்கு நிற்கிறாய் என்று அண்ணன் கேட்டான். ஒரு வார்த்தைக்காக நிற்கிறோம் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அடுத்த பஸ்ஸிலேயே சோம்பனூருக்குத் திரும்பிவிட்டாள். நல்லமுத்து கதவைத் திறந்தார். வந்ததற்கு நன்றி என்றார்.

கொட்டகையில் கொட்டை தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அம்மா கையில் பாதி உரித்த புளியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “ஆமாண்டி. உப்பு கூடுனாத்தான் நம்மூட்டு ஆம்பளைங்களுக்கு வாயே தொறக்கும்.” ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏற்கெனவே தைத்து முடித்த மூட்டையை மறுபடி தைக்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. அப்பா சாப்பிட்டுக் கை கழுவியவர், துண்டில் துடைத்துக்கொண்டே எங்கேயோ பார்த்தபடி, “கொழம்பு நல்லா இருந்திச்சி” என்றார். அம்மா பதறிப்போய் எழுந்து அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். “என்னாங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றாள். அப்பா “சே, போடி” என்று வெளியே போய்விட்டார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். மறுநாள் அந்தப் பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். படத்தில் நல்லமுத்து கரண்டியோடு தனியாக அடுப்படியில் நின்று முழித்துக்கொண்டிருந்தார். “பொண்டாட்டிதான் வந்துட்டாளே அத்த, படத்துல காணோமே?” என்றேன். அத்தை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “அவ கொல்லப்பக்கம் போயிருக்கறா” என்றாள். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

அதன்பின் வாராவாரம் நல்லமுத்து எங்களுக்கு வேண்டியவர் ஆகிக்கொண்டே போனார். வெட்டிய சவரக்காரருக்கு அவர் நன்றி சொன்னதற்கு என்ன காரணம் என்று தெரிந்தது. அந்தச் சவரக்காரருக்குக் கண் மங்கிவிட்டதாம், ஊரில் வேறு யாரும் அவரிடம் போவதில்லையாம். பஸ்ஸுக்கு நன்றி சொன்னதற்கும் காரணம் வந்தது. சில காரணங்கள் கொஞ்சம் அதிகப்படிதான் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் நான் ஆட்டுக்குட்டிக்கு நக்கலாக நன்றி சொல்வதை நிறுத்திவிட்டேன். சொன்னால் அதற்கு வருத்தமாக இருக்குமோ என்று பயம். பெரியம்மாகூட, “அந்த மனுசன் மனசு பூ மாதிரிடி” என்று தெருவில் பேச ஆரம்பித்தாள். அப்பா மட்டும் பிடிகொடுக்கவில்லை. படிக்கிற நேரத்தில் ஏதாவது சாக்கில் அங்கேயே இருப்பார். மில்லுக்காரர் வீட்டிலிருந்து, வருகிற வெள்ளிக்கிழமை பெரியவர்கள் மட்டும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. அப்பா சரியென்று தலையாட்டினார்.

அந்த வெள்ளிக்கு முந்தின நாள் பத்திரிகை வந்தது. அன்றைக்கு அத்தை வீட்டுக்குத் தூரம். அந்தக் காலத்தில் பெண்கள் அந்த மூன்று நாளும் உள்ளே வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது. புத்தகம் என்றால் சரஸ்வதி, அதைத் தொடவே கூடாது. அத்தை கொட்டகைக்கு வெளியே, மாட்டுத்தொழுவத்து ஓரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். தட்டு, சொம்பு எல்லாம் தனியாக. பேசினால் கேட்கிற தூரம்தான். எழுந்து வந்து ஒரு காகிதத்தைப் பிடுங்க முடியாத தூரம்.

“இந்த வாரம் கதை?” என்று பெரியம்மா ஆரம்பித்தாள். “பொறுங்க, பாப்பா தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து படிக்கட்டும்” என்றாள் அம்மா. அப்பா என்னைப் பார்த்தார். “ஏன், மூணாவது படிக்கற கழுதை ஒண்ணு இருக்குதே. அது படிக்காதா?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாம்பல் போட்டுக் கை கழுவினேன். வெளியேயிருந்து அத்தையின் குரல் வந்தது. “வேணாங்ண்ணா. புள்ளைக்குக் கூட்டெழுத்து வராது. நான் ரெண்டு நாள் கழிச்சிப் படிக்கறேன்.” என் மேல் அத்தைக்கு இவ்வளவு நம்பிக்கையில்லையா என்று எனக்கு ரோஷமாக வந்தது. மூட்டை மேல் ஏறி அத்தை உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன்.

“நல்லமுத்து... அடுப்படியில்... நின்று... பானைக்கு நன்றி சொன்னார். அவர் மனைவி... அவரை விட்டுப் போய்... மாதம் ஒன்றாகிறது. அவள் திரும்பி வரப்போவதில்லை என்பது... பானைக்குக்கூடத் தெரியும். நல்லமுத்துவுக்குத்தான் தெரியாது.”

“என்னாது?” என்றாள் பெரியம்மா. “வுட்டுட்டுப் போனவளா? அவதான் வந்துட்டாளே!”

“அண்ணன் வூட்ல இருந்து பஸ் ஏறி வந்தாளே” என்றாள் இன்னொருத்தி.

“மறுபடி படி” என்றார் அப்பா.

படித்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்தேன். மறுபடியும் அவள் வரவில்லை. பானைக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. கொட்டகையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்பா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கீற்று மறைப்பைத் தாண்டித் தொழுவத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அலுமினியத் தட்டில் சோறு அப்படியே இருந்தது, ஒரு காக்கை அதன் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. அவள் ஓட்டவில்லை.

அப்பா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தப்பாப் படிக்கற” என்றார்.

“இல்லீங்கப்பா. இப்பிடித்தான் போட்டிருக்குது.”

“தப்பாப் படிக்கறன்னு சொல்றன் இல்ல? அந்த மனுசன் பொண்டாட்டி அப்பவே வந்து சேந்துட்டா. அப்பிடியாப்பட்ட மனுசன எவளாச்சும் வுட்டுட்டுப் போவாளா? எழுத்தே தெரியாம என்னாத்தப் படிச்சிக் கிழிக்கற நீ? குடு இங்க!”

புளிக்கையோடேயே பத்திரிகையைப் பிடுங்கினார். சட்டமெல்லாம் காற்றில் போயிற்று. அதை மடித்து, யார் கைக்கும் எட்டாத பரண்மேல் வைத்தார். “நம்ம பாப்பா வந்து படிக்கட்டும். அதுதான் சரியாப் படிக்கும்” என்றார். பெரியம்மா, “அதான பார்த்தேன்! புள்ளைக்கு இன்னும் எழுத்துப் பத்தல” என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் புளியில் கையை வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே பார்த்தால் அங்கே அத்தையும் அழுதுகொண்டிருந்தாள். இத்தனை நாள் மடியில் போட்டுச் சொல்லிக்கொடுத்தும் இப்படி மானத்தை வாங்கிவிட்டாளே என்று அழுகிறாள் என நினைத்தேன். அவமானத்தில் எனக்கு இன்னும் அழுகை வந்தது.

அப்பா கை கழுவிக்கொண்டு வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். எங்கே என்று அம்மா கேட்டாள். “கம்பைநல்லூர் வரைக்கும் போயிட்டு வரன்” என்றார்.

“நாளைக்கு மில்லுக்காரங்க வர்றாங்களே?”

“வர வேணாம்னு ஆளனுப்பு.”

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தாலி கட்டி முடித்ததும் புரோகிதருக்கு நன்றி சொன்னார், மேளக்காரருக்கு நன்றி சொன்னார், அத்தைக்கும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா பக்கத்தில் இருந்தவளிடம், “கதையில வர்றவரு மாதிரியே தங்கமான மனுசன்” என்று கிசுகிசுத்தாள்.

நான் அன்றைய அவமானத்தை மறக்கவில்லை. எழுத்துப் பத்தவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்களே என்று கையில் கிடைத்ததையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பொட்டலம் மடித்த காகிதம், சினிமா நோட்டீஸ், ஸ்டேஷன் பலகை, எதையும் விடவில்லை. ஐந்தாவது முடித்ததும் போதும் என்று அப்பா நினைத்தபோது கம்பவுண்டர் மாமா வந்து, “புள்ளைய எங்களோட அனுப்புங்க, நல்லாப் படிக்குது” என்று கேட்டு என்னைக் கம்பைநல்லூருக்குக் கூட்டிப்போனார். அங்கே அவர்கள் வீட்டில் இருந்துதான் ஹைஸ்கூல் முடித்தேன். தினமும் மாமாவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். தினமும் “நன்றிம்மா” என்பார். ஊசி போட்ட எருமையையும் தடவிக்கொடுத்து அதற்கும் சொல்வார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையைக்கூட ஒருநாளும் என்மேல் காட்டியதில்லை. எனக்கு ஒரு வாழ்க்கை கிடைத்தது அந்த வீட்டில்தான். பிற்காலத்தில் சேலத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் சேர்ந்தேன். காகிதத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படிப்பதற்குச் சம்பளம். எழுத்துப் பத்தாதவளுக்கு!

பத்தாவது படிக்கையில் அத்தையின் டிரங்குப் பெட்டிக்குள் அந்தத் தொடர்கதை கிடைத்தது. அந்தக் காலத்தில் வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைப்பார்கள், அத்தையும் வைத்திருந்தாள். ஒரே மூச்சில் படித்தேன். நல்லமுத்துவின் மனைவி திரும்பி வரவேயில்லை. சவரக்காரருக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. கடைசி வாரத்தில் நல்லமுத்து ஆளில்லாத கூடத்தில் காலி நாற்காலிகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார், கதை முடிந்துவிடுகிறது. ஆசிரியருக்கு அவர்மேல் துளியும் இரக்கமில்லை. ஊரைக் கேலி செய்து எழுதுகிறவர், கேலிக்கு ஆள் வேண்டாமா? நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் எனக்குப் படிக்கவே பிடிக்கவில்லை. அந்த மனிதரை எனக்கு நேரில் தெரியுமே என்று இருந்தது.

நேராக அத்தையிடம் போனேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தைத்த பக்கங்களை நீட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, முறத்தைக் கீழே வைக்காமலேயே, “அவருக்கு எழுதத் தெரியல. அதுக்கு நான் என்னா பண்றது?” என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பாவ நல்லா ஏமாத்திட்ட அத்த” என்றேன்.

அத்தையின் சிரிப்பு நின்றது.

“உங்கப்பாவயா?” என்றாள். “புளிய மூட்டைக்கு வெளியில இருந்து தட்டிப் பாத்தே உள்ள எத்தினி கொட்டைன்னு சொல்றவரு அவரு, கண்ணு. அன்னிக்கி நீ ரெண்டாந்தரம் படிச்சப்பவே அவருக்குத் தெரிஞ்சி போச்சி. என்னைய ஒரு பார்வ பார்த்தாரு. நான் தொலைஞ்சேன்னு நெனச்சேன். அதுக்கப்புறந்தான் உன்னத் திட்டுனாரு.”

கொட்டகை நிறைய ஆள் இருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தையின் தலை எல்லோர் முன்னாலும் குனிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. எனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற தங்கைக்கு அத்தனை வருஷமும் ஒரு வார்த்தைகூடச் சொல்லத் தெரியாதவர், சரியாகப் படித்த மகளைத் தப்பாகப் படிக்கிறாய் என்று அதட்டினார். அதுவரைக்கும் அப்பா யாருக்கும் நன்றி என்று சொல்லி நான் கேட்டதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூட்டை மேல் உட்கார்ந்து மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்த எனக்கு, அவர் அத்தைக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எப்படித் தெரியும்?